கேம்பிரிட்ஜ் இணைய அகராதி: 'ஹேண்ட்' ஒன்றே போதும், சோதித்துப் பார்க்க

ஆங்கில மரபுத்தொடர்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். தினமும் காதில் விழும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதையொட்டி வருவனவற்றை மட்டும் படித்தால் தங்கும். அப்படிப் படிக்க கேம்பிரிட்ஜ் இணைய அகராதி நல்ல கருவி. கட்டணம் இல்லை, கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் பயன்படுத்தும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

'ஹேண்ட்' என்று தேடினால் உடலுறுப்பு, கடிகார முள், சீட்டாட்டம், உதவி எனப் பொருள்கள் தனித்தனித் தலைப்பில் வரும். மரபுத்தொடர்கள் அவற்றுக்கெல்லாம் கீழே இருக்கும். பலர் அதுவரை இறங்குவதே இல்லை. ஒன்றைத் தொட்டால் அதற்கான பக்கம் விளக்கத்தோடும் எடுத்துக்காட்டோடும் திறக்கும். ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் 'ஹேண்ட் ஓவர்', படிவம் கொடுக்கும்போது சொல்லும் 'ஹேண்ட் இன்' போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. மரபுத்தொடர்களையும் இவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதது இந்த அகராதியின் பெரிய பலம்.

புதிதாகப் படிப்பவர் முதலில் சறுக்குவது தலைப்பு எழுதப்பட்டிருக்கும் விதத்தில்தான். 'ஹேவ் யுவர் ஹேண்ட்ஸ் ஃபுல்' என்று இருக்கும். அதிலுள்ள 'யுவர்' வெறும் இடம்பிடிக்கும் சொல். வேலை குவிந்து கிடக்கிறது என்று உங்களைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ ஹேவ் மை ஹேண்ட்ஸ் ஃபுல்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் 'எ'யைச் சின்னச் சொல் என்று விட்டுவிடவோ மாற்றவோ முடியாது. 'கிவ் மீ எ ஹேண்ட்' என்றால் கொஞ்சம் உதவுங்கள். சமூக மன்ற மேடையில் அறிவிப்பாளர் 'கிவ் தெம் எ பிக் ஹேண்ட்' என்றால் கைதட்டச் சொல்கிறார்.

அகராதி உதவாத இடம் ஒன்று உண்டு, தமிழருக்கு அதுதான் முக்கியம். விளக்கம் ஆங்கிலத்திலேயே இருப்பதால், நம் மொழியில் எது ஒத்துப்போகும், எது கவிழ்க்கும் என்று நாமே குறித்துக்கொள்ள வேண்டும். 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் (of)' என்பது நம் 'கைகழுவிவிடு'தான். 'கெட் தி அப்பர் ஹேண்ட்' என்றால் கை ஓங்குவது. 'ரெட் ஹேண்டட்' கையும் களவுமாக அகப்படுவது. இவை மூன்றும் உடனே ஒட்டிக்கொள்ளும். 'ஹேண்ட் டு மவுத்' அப்படியல்ல. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத ஏமாற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பைக் குறிப்பது. 'மை ஹேண்ட்ஸ் ஆர் டைடு' என்பதும் கைகட்டிப் பணிந்து நிற்பதல்ல. விதிமுறை இடம்கொடுக்கவில்லை, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று பொருள். மேற்பார்வையாளரோ வங்கி முகப்பில் இருப்பவரோ அப்படிச் சொன்னால், மேலே யாரிடம் கேட்கலாம் என்று விசாரிப்பதே பலன் தரும்.

பல தொடர்களுக்கு ஏ1 (தொடக்கநிலை) முதல் சி2 (உயர்நிலை) வரை நிலை போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை, இருந்தாலும் எதிலிருந்து தொடங்குவது என்று தெரிய அது போதும். பேச்சு வழக்கு, பழைய வழக்கு என்ற குறிப்பையும் தவறாமல் பாருங்கள். பேச்சு வழக்கு என்று போட்ட தொடரை வேலை விண்ணப்பத்தில் எழுதினால் பொருந்தாது. உச்சரிப்புக்கு பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகள் பிரிட்டிஷ் எழுத்துமுறையைப் பின்பற்றுவதால், பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பவர்கள் பிரிட்டிஷ் ஒலியையே கேட்டுப் பழகுவது நல்லது.

கணக்குத் திறந்தால் சொற்பட்டியல் சேமிக்கலாம். ஒரு பட்டியலில் ஒரே சொல்லின் ஐந்தாறு தொடர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிடத்தில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதுங்கள். ஆள் குறைவாக இருக்கும் நாளில் 'வி ஆர் ஷார்ட் ஹேண்டட் டுடே' என்று தயங்காமல் வாயில் வந்துவிட்டால், அடுத்து 'ஹெட்' பக்கத்துக்குப் போகலாம்.