லூக்காவா, ஏசாயாவா?

டிசம்பர் நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறக் கிறிஸ்தவ வீடுகளில் இந்தக் கேள்வி வரும்: கிறிஸ்துமஸ் வரை வேதாகமத்தில் எதை வாசிப்பது, லூக்காவை நாளுக்கு ஓர் அதிகாரமா, ஏசாயாவை வாரத்துக்கு ஒரு பகுதியா?

நேரம்
லூக்கா: 24 அதிகாரம், 24 நாள். ஆனால் முதல் அதிகாரமே 80 வசனம். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடும் வீட்டில் முதல் நாளே தடுக்கும். 1-25, 26-56, 57-80 என்று பிரித்து நவம்பர் 29-லேயே தொடங்குங்கள்.
ஏசாயா: 40:1-11, 9:2-7, 11:1-10, 7:10-14. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஒன்று. அதையே வாரம் முழுக்க. ஐந்து நிமிடம் போதும்.

காத்திருப்பு
லூக்கா: பிறப்பு டிசம்பர் 2-லேயே முடிந்துவிடும். 23-ஆம் தேதி சிலுவை! கேரல் பாடும் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். 24 இரவு 2:1-20-ஐ மறுபடி வாசித்தால் சரியாகும்.
ஏசாயா: மீட்பர் வருவார் என்ற ஏக்கம் கடைசிவரை நிற்கும். ‘அடிமரத்திலிருந்து ஒரு துளிர்’ (11:1) புரியவில்லையா? வெட்டிய ரப்பர் அடிமரத்தில் முளைத்த குருத்தைக் காட்டுங்கள், விளக்கமே வேண்டாம்.

நாள் தவறினால்
லூக்கா: மறுநாள் இரண்டு அதிகாரம், மூன்று நாள் போனால் பெரும்பாலும் கைவிட்டாச்சு.
ஏசாயா: நஷ்டமில்லை.

தனியாக, இயேசுவின் முழு வாழ்வையும் வாசிக்க நினைப்பவருக்கு லூக்கா. ஆலை ஷிஃப்ட் மாறும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏசாயாதான்.