ஜெபமா, பாடப்புத்தகமா, கதையா: கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் பிரெஞ்சை எதில் தொடங்குவது?

கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் பிரெஞ்சு ஆரம்பிக்கிறவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஜெபத்தையும் பாட்டையும் மனப்பாடம் செய்ய வைப்பது, பாடப்புத்தகத்தை வாங்கி வரிசையாக நடத்துவது, பைபிள் கதையை வைத்துப் பிள்ளைகளைப் பேச வைப்பது. நான் மூன்றாவது கட்சி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மனப்பாடத்துக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. பரமண்டல ஜெபம் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியிலேயே தெரியும், அதனால் "நோத்ர் பேர்" (எங்கள் பிதாவே) என்று தொடங்கினால் பொருள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வகுப்பே சேர்ந்து சொல்லும்போது வாயே திறக்காத பிள்ளையும் கூடச் சேர்ந்து சொல்லிவிடும், மூக்கொலிகளும் தாளமும் தானாகவே நாக்கில் படியும். ஆனால் அந்த ஜெபத்தில் வரும் வினை வடிவங்கள் பெரியவர்களே தடுமாறும் வகை. அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு "தாகமாக இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியாமல் போகலாம். வேத வசனத்திலும் இதே சிக்கல்தான். புராட்டஸ்டண்ட் சபைகளில் பரவலாக உள்ள லூயி செகோன் என்ற பிரெஞ்சு பைபிள் மொழிபெயர்ப்பு 19ஆம் நூற்றாண்டினுடையது. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் "தியூ க்ரேயா" (தேவன் படைத்தார்) என்று வருவது எழுத்தில் மட்டும் வாழும் இறந்தகாலம், பேச்சில் "தியூ ஆ க்ரேயே" என்பார்கள். ஆறு வயதில் முதலில் பழகவேண்டியது பேச்சு வடிவம்தான். இன்னொன்று, பழைய ஒலிப்பதிவு வைத்திருந்தால் சரிபாருங்கள்: பிரான்ஸின் கத்தோலிக்கத் திருச்சபை 2017 டிசம்பர் 3 முதல் ஜெபத்தில் சோதனையைப் பற்றிய வரியை மாற்றிவிட்டது.

பாடப்புத்தகத்தைப் பெற்றோருக்குப் பிடிக்கும், ஏனென்றால் நோட்டைத் திறந்தால் என்ன நடந்தது என்று தெரியும். 7 முதல் 12 வயதுக்காரர்களுக்கான டெல்ஃப் பிரிம் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குத் தயார் செய்யவும் வசதி. எனக்குள்ள தயக்கம் வயதைப் பற்றியது. பிரெஞ்சில் எழுதுகிற எழுத்துகளில் பல வாயில் வராது, "பெதி" (சின்ன) என்ற சொல்லின் கடைசியில் ஒரு எழுத்து சும்மா நிற்கும், பலரைக் குறிக்கும் வினையில் மூன்று எழுத்துகள் சும்மா நிற்கும். காது பழகுவதற்கு முன்னால் கண்ணில் எழுத்தைக் காட்டினால் பிள்ளை எல்லாவற்றையும் உச்சரித்துவிடும், அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு. ஒன்பது, பத்து வயதில் இதே புத்தகம் நன்றாக வேலை செய்யும்.

இனி கதை. லூக்கா 15இல் வரும் காணாமற்போன ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொம்மை ஆட்டை வகுப்பில் ஒளித்து வையுங்கள். "ஊ எ ல மூத்தோன்?" ஆடு எங்கே? மேசை மேலா, மேசைக்கு அடியிலா, பெட்டிக்குள்ளா, கதவுக்குப் பின்னாலா? மேலே என்பதற்கான "ஸ்யூர்", அடியில் என்பதற்கான "ஸூ" இரண்டும் பழகாத காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும், முதலாவதில் உதட்டைக் குவித்துக்கொண்டு ஈ சொல்லவேண்டும், இரண்டாவதில் சாதாரண ஊ. அட்டவணை போட்டு விளக்கினால் இது பிள்ளைக்கு ஏறாது. ஆடு கிடைக்கவேண்டுமென்றால் சரியாகக் கேட்டாகவேண்டும், அதனால் கேட்கும். அப்புறம் மேய்ப்பன் விட்டுவிட்டுப் போன ஆடுகளை எண்ணவேண்டும், 99! பிரான்ஸில் அது "நாலு இருபது பத்து ஒன்பது" என்று போகும், பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் "நோனாந்த் நஃப்" என்று சுருக்கமாக முடிந்துவிடும். எண்களில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் கதைக்குள்ளேயே கிடைக்கிறது, கணக்குப் பாடமாக நடத்தினால் இந்த ஆர்வம் வராது. ஜனவரியில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகளின் கதை வரும்போது பிரான்ஸில் வெட்டுகிற ராஜாக்களின் கேக்கையும் வகுப்புக்குள் கொண்டுவரலாம். வயதில் எல்லாரையும்விடச் சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும், "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு பெயராகச் சொல்லும், துண்டுக்குள் சின்னப் பொம்மை கிடைத்தவருக்குக் கிரீடம். ஒரே கேள்வி, ஒரே பதில், எத்தனை முறை திரும்ப வந்தாலும் யாருக்கும் சலிப்பதில்லை.

இந்த வழியின் பலவீனம் ஆசிரியர்தான். கதையைச் சின்ன நிகழ்கால வாக்கியங்களாக உடைத்துச் சொல்லத் தெரியவேண்டும், உச்சரிப்பும் சுத்தமாக இருக்கவேண்டும். வாரம் ஒருநாள் மட்டும் வந்துபோகிற சிறப்பு ஆசிரியரை மட்டும் நம்பினால் அடுத்த வாரத்துக்குள் பாதி மறந்துவிடும். அவர் கதையைத் தொடங்கிவைக்க, வகுப்பாசிரியர் தினமும் பத்து நிமிடம் அதே கேள்விகளைக் கேட்பதுதான் நான் பார்த்தவரை பிள்ளைகளைப் பேச வைக்கிறது. வகுப்பாசிரியருக்கு உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையா? சரி, அப்போது முதல் வழியிலேயே தொடங்குங்கள். நல்ல ஒலிப்பதிவோடு ஒரு ஜெபம், இரண்டு பாட்டு போதும், அதே சமயம் ஆசிரியரின் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். நடத்துகிறவருக்கு உச்சரிப்பு வரவில்லை என்பதற்காக ஆறு வயதுப் பிள்ளையின் கையில் இலக்கணப் புத்தகத்தைக் கொடுப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.