இடுப்புவலிக்கு ஐந்தாண்டு குடித்த கெத்தும் நீர்

கல்லிடைக்குறிச்சியில் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை சுமக்கும் என் சித்தப்பா மகன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்து, செல்பேசியில் ஒரு பச்சைப்பொடிப் பொட்டலத்தின் படத்தைக் காட்டினான். "அண்ணே, நீங்க மலேசியால குடிச்ச இலை இதானே? உங்க இடுப்புக்குக் கேட்டுதுல்லா, எனக்கும் கேக்குமா?" என்றான். பொட்டலத்தின் மேல் 'கிராட்டம்' என்று இருந்தது. நாங்கள் அங்கே கெத்தும் என்று சொன்ன அதே இலைதான். 2012 முதல் 2017 வரை அதைக் குடித்தவன் நான். அதனால் கிடைத்த சுகமும் மெய், பட்ட பாடும் மெய் என்பதால், அவனுக்கு ஒரே சொல்லில் பதில் கூற இயலவில்லை. அன்று இரவு அவனிடம் சொன்னவற்றையே இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து 2011-இல் மலேசியாவுக்குப் போன எனக்கு, கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டார் நகரில் ஓர் உணவகத்தில் ரொட்டிக் கல்லின் முன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை கிடைத்தது. கெடா நெல் விளையும் மாநிலம். நகரைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான் என்பதால், தாமிரபரணிக் கரையில் பிசானப் பயிரைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஊர் ஏக்கம் சற்றுக் குறைந்தது. ஆனால் ஓராண்டுக்குள் இடுப்பில் தொடங்கி இடது கெண்டைக்காலுக்கு இறங்கும் வலி வந்துவிட்டது. மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது. அப்போது பாத்திரம் கழுவும் மலாய்ப் பெரியவர் ஒருவர், நெகிழிப் பையில் கட்டிய பழுப்புநிற நீரை என் கையில் கொடுத்து, அதுதான் 'ஆயர் கெத்தும்', தம் தந்தை வயலில் வெயில் தாங்குவதற்குக் குடித்தது என்றார்.

நம் நிலவேம்புக் கசாயத்தையும் மிஞ்சும் கசப்பு. அரை மணி நேரத்தில் நடந்ததை இன்றும் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். வலி போய்விடவில்லை, அது அங்கேயே இருந்தது, ஆனால் என் மனத்தை உறுத்துவதை நிறுத்திக்கொண்டது. கை சுறுசுறுப்பாக ஓடியது, வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காமல் பேச முடிந்தது. மூலிகை என்றால் இதுவல்லவா மூலிகை என்று அன்று மனதார நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருந்தது. கெத்தும் மரம் காப்பிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்க் குளக்கரைகளில் நிற்கும் நீர்க்கடம்பும் அதுவும் ஒரே பேரினம். (அதற்காக நீர்க்கடம்பின் இலையைப் பறித்துக் காய்ச்ச யாரும் போக வேண்டாம், இரண்டின் வேதிப்பொருள்களும் வேறு.) தாய்லாந்தின் தென்பகுதியிலும் வட மலேசியாவிலும் உழைப்பாளிகள் அந்த இலையை நெடுங்காலமாக மென்றும் காய்ச்சியும் வருகிறார்கள். களைப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கும், அபின் கிடைக்காதபோது அதற்கு மாற்றாகவும் அது பயன்பட்டது. 1921-இல் பிரித்தெடுக்கப்பட்ட மிட்ராகைனின் என்பதே அதன் முதன்மைப் பொருள். அதில் ஒரு பகுதியை நம் கல்லீரல் இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றுகிறது. இரண்டும் மூளையில் போய் அமரும் இடம், அபினிலுள்ள வலிநீக்கிப் பொருளான மார்ஃபின் அமரும் அதே ஏற்பிகள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாள்தோறும் குடிக்கும் 26 ஆண்களுக்கு ஒரு முறை கெத்தும் நீரும் ஒரு முறை அதைப் போன்ற போலி நீரும் கொடுத்து, பனிநீரில் கையை வைக்கச் சொன்னார்கள். கெத்தும் குடித்து ஒரு மணி நேரம் கழித்து அவர்களால் கூடுதல் நேரம் வலியைத் தாங்க முடிந்தது. ஆகவே வலி தணிந்ததாக நான் உணர்ந்தது கற்பனை அன்று.

மீதிப் பாதியை எனக்குக் கற்பித்தது என் உடம்பு. காலையில் ஒரு தம்ளராக இருந்தது ஓராண்டில் காலையும் மாலையும் ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் நான்கு தம்ளர் குடித்தும் பழைய சுகத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மலம் மூன்று நாளுக்கு ஒருமுறை இறங்கியது. பசி அற்றுப்போய், 68 கிலோ இருந்த நான் 57 கிலோ ஆனேன்; இரு கன்னங்களும் கரிபடிந்தாற்போல் கறுத்தன. 2015-இல் கோயில் கொடைக்காக ஊருக்கு வந்தபோது, வாசலில் நின்ற அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அங்க சோறு போடாம வேலை வாங்குதாங்களாய்யா?" என்று அழுதாள். எடை குறைவதும் கன்னம் கறுப்பதும் பல்லாண்டு மென்றவர்களிடம் தாய்லாந்து மருத்துவர்கள் முன்பே கண்டு எழுதிய அறிகுறிகள் என்பதைப் பின்னர்தான் படித்தேன்.

அந்தக் கொடை நாள்கள் என் வாழ்வில் மறக்க முடியாதவை. ஊர் வந்த இரண்டாம் நாள் மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது, கொட்டாவி ஓயவில்லை, தொடைக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததால் காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. வில்லுப்பாட்டு நடந்த இரவு முழுவதும், உள்ளம் அதில் ஒட்டாமல், பந்தலுக்குப் பின்னே வரப்பில் நடந்துகொண்டே இருந்தேன். பயணக் களைப்பு, தண்ணீர் மாறியது, சளிக்காய்ச்சல் என்று வீட்டார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், நானும் நம்பினேன். அலோர் ஸ்டாருக்குத் திரும்பி முதல் தம்ளரைக் குடித்த அரை மணி நேரத்தில் அத்தனையும் மறைந்தபோதுதான், நான் காய்ச்சலில் கிடக்கவில்லை, இலைக்கு அடிமையாகிக் கிடந்தேன் என்பது விளங்கியது. அதே பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடித்த 293 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் என்னை ஏமாற்றவில்லை. தம் தந்தைக்கு நல்லதாகத் தெரிந்ததையே அன்போடு கொடுத்தார். மூலிகை என்றால் விட்டுவிடுவது எளிது என்று நான் எண்ணியதே பிழை.

2017-இல் நீண்ட விடுப்பில் வந்து, திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் கால் குடைச்சலுக்கும் தனித்தனியே மருந்து தந்து, பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார். எட்டு நாள்கள் கடுமை. நல்ல தூக்கம் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் இந்த இலை மாற்றும் என்பதால், வேறு மாத்திரை எதையேனும் இதனுடன் சேர்த்து விழுங்கினேனா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டது நினைவிருக்கிறது. தூக்க மாத்திரையோடோ மதுவோடோ இதைச் சேர்ப்பது மூச்சுக்கே கேடு என்றும் அழுத்திச் சொன்னார்.

பொட்டலத்தில் அச்சிட்டிருப்பவை பற்றியும் சொல்ல வேண்டும். வலிக்கு, வலிமைக்கு, மனச்சோர்வுக்கு, சர்க்கரைக்கு என்று ஒரு பட்டியலே இருந்தது. முதல் இரண்டையும் நான் சில காலம் அனுபவித்தேன். மனச்சோர்வு விலகியதாகத் தோன்றியது உண்மை. குடிக்காத நாளில் அது இரட்டிப்பாகத் திரும்பியதும் உண்மை. சர்க்கரை பற்றிய பேச்சை நான் ஏற்கவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை எந்த நோய்க்கும் மருந்தாக ஏற்கவில்லை; 2018-இல் அந்நாட்டில் கிராட்டம் பொடிகளில் கலந்திருந்த சால்மொனெல்லா கிருமியால் 199 பேர் நோயுற்றார்கள். நான் குடித்தது அன்றன்று பறித்துக் காய்ச்சிய இலை நீர். பொட்டலத்தில் வரும் பொடியிலும், வீரியம் ஏற்றிய சாற்றிலும் என்ன அளவு இருக்கிறது என்பதை வாங்குபவன் அறிய வழியில்லை. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. 1943-இல் தடை செய்த தாய்லாந்து 2021 ஆகஸ்டில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மலேசியாவிலோ 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 10,000 ரிங்கிட் வரை தண்டமோ நான்காண்டு வரை சிறையோ உண்டு. வேலைக்குப் போன நாட்டில் அந்த ஆபத்தை அறியாமலே ஐந்தாண்டுகள் குடித்தேன் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

இடுப்புவலி? அது இன்றும் இருக்கிறது. இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளை விடியலில் அரை மணி நேரம் செய்கிறேன். மாலையில் வெந்நீர் ஒத்தடம். நான்கு தம்ளர் கெத்தும் கடைசிக் காலத்தில் தந்த அளவு ஆறுதலை இவை தருகின்றன. எடை 66-க்கு வந்துவிட்டது, கன்னக் கறுப்பு மறைய இரண்டாண்டுகள் பிடித்தன. தம்பியை அதே இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போனேன்; மூட்டையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொல்லிப் பழக்குகிறார். மூன்று வாரமாகிறது, பாதி வலி குறைந்திருக்கிறது என்கிறான், பொடி வாங்கவில்லை.