70 வளைவுகளில் பொலிரோ பிக்கப்: யோதாவா இதுவா என்று கேட்ட நண்பருக்கு

முட்டை வியாபாரம் செய்யும் நண்பர், எந்தச் சரக்கு வண்டியை வாங்கலாம் என்று கேட்டு விளம்பரத் தாள்கள் இரண்டோடு வந்தார். இன்ஜினின் இழுவைத் திறன் (டார்க்) பொலிரோ பிக்கப்புக்கு 195 நியூட்டன் மீட்டர், டாடா யோதாவுக்கு 250. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். நிறைய இருக்கிறது.

என்னுடையது பழைய 2.5 லிட்டர் பொலிரோ பிக்கப். கொல்லிமலையின் அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்கு உர மூட்டையும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு போவேன். இறங்கும்போது அன்னாசியும் வாழைத்தாரும் வரும். அந்த ஏற்றத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து பஸ் வந்தால் வளைவின் வாயிலேயே நின்று வழிவிட வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முழுப் பாரத்தோடு கிளம்பும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு இறங்கி ஒரு முறை உடம்பைக் குலுக்கும். 1,400-ஐத் தொட்டதும் குலுக்கல் நின்று, இருக்கையின் அடியிலிருந்து யாரோ தள்ளிவிடுவது போல வண்டி மேலே ஏறும். இத்தனை காலம் ஓட்டியும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை.

இந்த 195, 1,400-இல் தொடங்கி 2,200 வரை குறையாமல் நிற்கிறது. இசுசு வி-கிராஸ் என்ற பிக்கப்பின் 1.9 லிட்டர் இன்ஜினுக்கு 360. ஆனால் அந்த உச்சம் வருவது 2,000-க்கும் 2,500-க்கும் இடையில். அதற்குக் கீழே எவ்வளவு என்று விளம்பரத் தாள் எதுவும் சொல்வதில்லை. மலையில் பாரம் ஏற்றுகிறவனுக்கு வேண்டியதோ அந்தக் கீழ்ப்பகுதிதான். கியர் விகிதமும் சேர்ந்துதான் சக்கரத்துக்குப் போகும் இழுவையை முடிவு செய்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

சமீபத்தில் அந்த இழுவை திடீரெனப் போய்விட்டது. வளைவுக்கு வளைவு முதல் கியர், பின்னால் கரும்புகை. ஒரு தனியார் பட்டறையில் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று மாற்றிப் பணமும் வாங்கினார்கள். வண்டி அப்படியே இருந்தது. கிளட்ச் நழுவினால் இன்ஜின் சுற்று வீணாக ஏறும். இங்கே சுற்றே ஏறவில்லை. இதைக்கூடப் பார்க்காமல் எப்படி ஸ்பானரை எடுத்தார்கள்? கடைசியில் நாமக்கல் லாரி ஷெட்டில் ஓர் இளைஞர் என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவினார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கசடு. சும்மா ஓடும்போது மூடிக்கொள்ளும். காற்றழுத்தம் ஏறினால் பிளந்துகொள்ளும். புது ஹோஸ் போட்டதும் பழைய இழுவை திரும்பிவிட்டது. கிளட்சுக்குக் கொடுத்த பணம்தான் திரும்பவில்லை.

நண்பருக்கு வருகிறேன். யோதாவின் 250, 1,000 சுற்றிலேயே தொடங்கி 2,500 வரை நிற்கிறது. கீழேயும் என் வண்டியை முந்துகிறது, மேலேயும் முந்துகிறது. குதிரைத்திறனும் 75-க்கு எதிரே 100. சேலம் நெடுஞ்சாலையில் முட்டை ஏற்றி ஓட அதுதான் பொருத்தம், மறுக்க எனக்கு வழியில்லை. அதனால் யோதாவையே எடுங்கள் என்றேன். பட்டறைக் கோபம் ஆறாத இந்த வாரத்தில் என் வண்டியை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க மனமும் வரவில்லை. ஆனால் இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னால், கொடுக்க மாட்டேன்.