டைகாஸ்ட் விமானங்களுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் இருந்துகொண்டு 1:72 அளவு (அசலில் 72இல் ஒரு பங்கு) டைகாஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்த, போர் விமான மாடல்கள் சேகரிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே பதிவு செய்யப்பட்ட ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம், இன்னும் வார்க்கும் அச்சே தயாராகாத மாடல்களுக்கு முழுத்தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டது. அதில் என் பணமும் இருக்கிறது. ஒரு பகுதித் தொகை இன்னும் இழுபறியில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அதே போக்கை வேறு எவரிடம் பார்த்தாலும் விலகி நில்லுங்கள்.

நான் கேட்டது இரண்டு பிரிட்டிஷ் போர் விமான மாடல்கள்: ஒரு பக்கனீர், ஒரு டோர்னாடோ. 1991 வளைகுடாப் போருக்கு பிரிட்டிஷ் விமானப்படை 12 பக்கனீர்களை பஹ்ரைனின் முஹர்ரக் தளத்துக்கு அனுப்பியது. 1960களின் தொடக்கத்தில் கடற்படைக்காகப் பணிக்கு வந்த விமானம் அது. லேசர் கதிரால் இலக்கைக் காட்டிக்கொடுப்பது பக்கனீரின் வேலை, குண்டு போடுவது டோர்னாடோவின் வேலை. வெளிறிய பாலைவன இளஞ்சிவப்பு நிறம், மூக்குப் பக்கத்தில் ஸ்காட்லாந்து விஸ்கிகளின் பெயர்கள் என்று அந்தப் பக்கனீர்களுக்கு ஒரு தனி அழகு உண்டு. 1994இல் பக்கனீர் ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் கதை முழுசாகும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நம்முடைய இந்த ஆசை நன்றாகத் தெரியும்.

பக்கனீரை முதலில் அறிவித்தார்கள். கணினியில் வரைந்த படம், எண்ணிட்ட சான்றிதழ், குறைந்த எண்ணிக்கையில்தான் வரும் என்ற அறிவிப்பு. முழுப்பணமும் இப்போதே கட்டினால் நல்ல தள்ளுபடி. சில மாதம் கழித்து அதே முறையில் டோர்னாடோ. கோடையில் வரும் என்றார்கள், பிறகு இலையுதிர் காலம், பிறகு சீனப் புத்தாண்டுக்கு அப்புறம். ஒவ்வொரு காரணமும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் இந்தத் தொழில் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது.

துத்தநாகக் கலவையை உருக்கி, பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தித்தான் இந்த விமானங்களை வார்க்கிறார்கள். அந்த எஃகு அச்சைச் செதுக்குவதுதான் பெரிய செலவு. ஒரே அச்சில் வார்த்ததற்கு வேறு வேறு ஸ்குவாட்ரன்களின் (விமானப்படைப் பிரிவுகளின்) வண்ணம் பூசி, பல வருடம் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். வேலை நடப்பது பெரும்பாலும் குவாங்டோங் மாகாணத்துத் தொழிற்சாலைகளில். பெரிய ஆர்டர் கொடுப்பவர்களுக்குத்தான் அங்கே முன்னுரிமை. சந்திரப் புத்தாண்டு வந்தால் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆக, நேர்மையான நிறுவனத்துக்கும் தாமதம் வரும். தாமதத்தை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

பார்க்க வேண்டியது வேறு. என் பக்கனீருக்கு ஒரு முன்மாதிரிப் படம்கூட வரவில்லை. வண்ணம் பூசாத வெறும் வார்ப்பின் புகைப்படத்தைக்கூட அவர்கள் காட்டியதில்லை. வேலை நடக்கிற இடத்தில் அது கட்டாயம் இருக்கும், சேகரிப்பாளர்களிடம் காட்டத் தயங்கவும் மாட்டார்கள். பழையது எதுவும் கைக்கு வராமலேயே புதுசு புதுசாக விமானங்களை அறிவித்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் முழுப்பணம் முன்கூட்டியே. வழக்கமான மாடல் கடைகள் எதிலும் அவை பட்டியலில் இல்லை. கடைக்காரர்கள் சரக்கு வந்த பிறகுதான் பணம் கொடுப்பார்கள் என்பதால் அவர்களை ஒதுக்கிவிட்டு நேராக நம்மிடம் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால் விளங்கியது.

எனக்கு அதிகக் கோபம் வந்த இடம் இனிமேல்தான். நிறுவனம் தள்ளாடுகிறது என்று சேகரிப்பாளர்களிடையே பேச்சு கிளம்பியதும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். சின்னத் தயாரிப்பாளர்கள் அழிந்துபோகாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கேட்டால் எல்லோருக்கும் விமானம் கிடைக்காமல் போய்விடும் என்ற பொருளில் இருந்தது அது. அதோடு இன்னொரு முன்பதிவுச் சலுகை. நம்முடைய கவலையையே காட்டி நம்மிடமே மறுபடியும் பணம் கேட்டார்கள். எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் புகார் கொடுக்காமல் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்ததில்தான் பலருக்குக் காலக்கெடு தாண்டிப்போனது.

அந்தக் கவலைக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. லிவர்பூலில் டிங்கி பொம்மைகளைச் செய்த மெக்கானோ தொழிற்சாலை 1979 கடைசியில் மூடப்பட்டது. மேட்ச்பாக்ஸ் கார்களின் லெஸ்னி 1982இல் விழுந்தது. ஸ்வான்சியில் கார்கி பொம்மைகளைச் செய்த மெட்டாய் 1983இல். கார்கி என்ற பெயர் மட்டும் கைமாறிக் கைமாறிப் பிழைத்தது: 1989இல் மேட்டல், 1999இல் ஹாங்காங்கின் ஜின்டார்ட், 2008இல் ஹார்ன்பி. நம்மில் பலர் அலமாரியில் வைத்திருக்கிற கார்கி ஏவியேஷன் ஆர்க்கைவ் என்ற விமான மாடல் வரிசை 1998இல் தொடங்கியது. அது இப்படிப் பல கைகள் மாறிய பெயரில் வந்ததுதான். கடைகளும் தப்பவில்லை. மாடல்ஸோன் என்ற பெரிய சங்கிலிக் கடை 2013இல் திவால் நிர்வாகத்துக்குப் போய், அதே வருடம் எல்லாக் கிளைகளையும் மூடியது.

ஆகவே பெயரும் அச்சும் பிழைக்க வழி உண்டு. ஆனால் நொடித்துப்போன நிறுவனத்தின் சொத்தை வாங்குகிறவர், பொதுவாக அதன் கடன்களை வாங்குவதில்லை. நாம் கட்டிய முன்பணம் அந்தக் கடன்களில் ஒன்று. இங்கிலாந்து சட்டப்படி நிறுவனம் நொடித்தால் அடமானம் வைத்திருக்கும் கடன்காரர், திவாலைக் கையாளும் நிர்வாகிகளின் கட்டணம், ஊழியர்களின் சம்பள பாக்கி, வரித்துறை என்று எல்லோருக்கும் பிறகுதான் பிணையில்லாமல் பணம் கொடுத்த நம்முடைய முறை. அதுவரை பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. தொழிற்சாலைக்குப் பாக்கி இருந்தால் அச்சையும் அவர்கள் விட்டுக்கொடுப்பது கடினம்.

என் கதைக்கு வருகிறேன். பக்கனீர் 120 பவுண்டு, நேராக கிரெடிட் கார்டில் கட்டினேன். டோர்னாடோவுக்கு பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக. இந்த வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானித்தது.

1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75 என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேராக விற்பவரிடம் கட்டியிருந்தால், விற்பவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனமும் அவருக்குச் சமமாகப் பொறுப்பு. விற்பவர் நொடித்துப்போனாலும் இது பொருந்தும். வெளிநாட்டு விற்பனையாளருக்கும் பொருந்தும். விலை என்பது தனித்தனிப் பொருளின் விலை என்பதைக் கவனியுங்கள். 60 பவுண்டு விமானம் இரண்டு வாங்கி 120 என்று கணக்குக் காட்ட முடியாது, தபால் செலவையும் சேர்க்க முடியாது. பக்கனீர் பணம் எனக்கு இந்த வழியில்தான் திரும்பி வந்தது. வங்கி முதலில் விற்பவரிடமே பேசுங்கள் என்றது. பிரிவு 75 என்று குறிப்பிட்டு, ஆர்டர் உறுதிச் சீட்டையும் தேதி மாற்றிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

டோர்னாடோ விஷயம் வேறு. பேபாலில் பொருள் வரவில்லை என்று புகார் கொடுக்க, பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்தான். வரும் தேதியிலிருந்து இல்லை, கட்டிய நாளிலிருந்து. டைகாஸ்ட் முன்பதிவு அதைவிட நீளமாக இழுப்பது சர்வசாதாரணம். நிறுவனம் சொன்ன முதல் வெளியீட்டுத் தேதியே அந்தக் கெடுவை ஒட்டித்தான் இருந்தது, ஒரே ஒரு தள்ளிவைப்பில் கதவு மூடிவிட்டது. பேபால் நடுவில் இருப்பதால் பிரிவு 75க்கும் பெரும்பாலும் இடமில்லை. டெபிட் கார்டில் கட்டியவர்களுக்கு சார்ஜ்பேக், அதாவது வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறும் வழி, இருக்கிறது. அது சட்டம் இல்லை, கார்டு நிறுவனங்களின் விதி. பொதுவாக 120 நாள் கெடு. பொருள் வராத புகாரில் அது பெரும்பாலும் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதால் உடனே வங்கியைக் கேளுங்கள்.

அந்த நிறுவனத்தின் நிலையை பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதி கடந்திருந்தது. முழுப்பணத் தள்ளுபடி தொடங்கிய அதே காலத்தில் சொத்துகளின் மேல் ஒரு புதிய அடமானம் பதிவாகியிருந்தது. இயக்குநர் ஒருவர் விலகியிருந்தார். பிறகு பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கப்போவதாக கெஸட் என்ற அரசிதழில் அறிவிப்பும் வந்தது. அப்படி நீக்கிவிட்டால் நிறுவனத்தின் மிச்சச் சொத்து அரசுக்குப் போய்விடும், பணம் கேட்க ஆளே இருக்காது. பணம் வரவேண்டியவர்கள் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஏற்றுக்கொண்டால் நீக்கம் தற்காலிகமாக நிற்கும். நான் தெரிவித்திருக்கிறேன். ஏமாந்த மற்றவர்களும் தெரிவித்தால் நல்லது.

அவர்களிடம் முன்பணம் கட்டியிருக்கிறீர்களா? சரி, முதலில் எந்த வழியில் கட்டினீர்கள், என்றைக்குக் கட்டினீர்கள் என்று பாருங்கள். பேபால் என்றால் 180 நாளை எண்ணுங்கள். கெடுவுக்குள் இருந்தால் நிறுவனம் இன்னொரு மாதம் பொறுக்கச் சொல்கிறது என்பதற்காகப் பொறுக்காதீர்கள், புகாரை இன்றைக்கே பதியுங்கள். புகாரை மூடினால் பணம் தருகிறோம் என்று சொன்னாலும் மூடாதீர்கள். பேபாலில் ஒருமுறை மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. எல்லாத் தகவல் தொடர்பையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், அவர்கள் பழைய தேதிகளை அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னத் தயாரிப்பாளர்கள் வாழ வேண்டும் என்று மனதார நினைக்கிறவன் நான். அதற்கு அவர்களிடம் கையிருப்பில் இருக்கும் விமானத்தை முழு விலைக்கு வாங்குங்கள். சரக்கு கப்பலேறிய பிறகே கார்டில் பணம் எடுக்கும் கடைகள் இருக்கின்றன, முன்பதிவை அங்கே செய்யுங்கள். பெயர் வாங்கிய பழைய நிறுவனமோ நேற்றுத் தொடங்கியதோ, வார்ப்பைக் கண்ணில் காட்டாத மாடலுக்கு முழுத்தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதை எழுதும் நேரத்திலும் அவர்களுடைய தளம் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது, நேற்று இன்னொரு விமானத்தை அறிவித்திருக்கிறார்கள். வங்கிக்கு நான் எழுதிய பிரிவு 75 கடிதமும், நீக்கத்துக்கு எதிரான ஆட்சேபக் கடிதமும் மாதிரிக்கு வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.