காத்தான்குடி நானாட சைக்கிள் கடை: பிரெஸ்டா வால்வு தேடி அலையிற ஆக்களுக்கு

மட்டக்களப்புப் பக்கம் ரேஸ் சைக்கிள் வச்சிருக்கிற ஆக்களுக்குப் பெரிய தலையிடி வால்வுதான். லுமாலா மாதிரிச் சாதாரணச் சைக்கிள் ஓடுற ஆக்கள் எந்தச் சந்தியில நிண்டும் காத்தடிக்கலாம், டியூப் எடுக்கலாம், ஒட்டுப் போடலாம். நம்மட சில்லுல இருக்கிறது மெல்லிசா நீளமா பிரெஸ்டா வால்வு, நுனியில உள்ள குட்டி நட்டைக் கழட்டி விட்டாத்தான் காத்து உள்ளுக்குப் போகும், கடைக்காரர்ட பம் அதுக்குப் பிடிக்கவும் மாட்டா, "இதென்ன தம்பி வால்வு" எண்டு நம்மளையே கேப்பாங்க.

இந்தக் கடை காத்தான்குடி மெயின் ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. பேர் போடல்ல, கடைக்கார நானாவே "பேரெல்லாம் போடாத தம்பி, ஆக்கள் கூடினா எனக்கு ஏலா" எண்டுட்டாரு. வெளியில பார்த்தா சின்னப் புள்ளைகள்ட சைக்கிளும் மூண்டு சில்லு வண்டியும்தான் தொங்கும், ஆனா உள்ளுக்கு ஒரு அலுமாரியில ரேஸ் டயர் அளவான 700x25, 700x28 டியூப் எல்லாம் 48, 60, 80 மில்லிமீட்டர் வால்வு எண்டு பிரிச்சு வச்சிரிக்காரு. டியூப் கேட்டா சும்மா எடுத்து நீட்ட மாட்டாரு, ரிம்மை அடிமட்டம் வச்சு அளப்பாரு. என்ட ரிம் 50 மில்லிமீட்டர் ஆழம், அதுக்கு 80 வால்வுதான் எண்டு 60 ஐ கையில இருந்து புடுங்கி வச்சாரு, வால்வு வெளியில கொஞ்சமாத் தெரிஞ்சா பம் தலை பிடிக்காது எண்டு.

மறுகா டயருக்குக் காத்தடிக்கிற குட்டி கேஸ் சிலிண்டர் கதை. 16 கிராம் சிலிண்டர் ஒண்டு இந்த டயருக்குக் காணும், கண் மூடித் திறக்கக்குள்ள காத்து நிறைஞ்சிரும். நானாவுக்கு அதில நம்பிக்கை இல்ல. "அது ஒருக்காத்தான் தம்பி, கை தவறினா முடிஞ்சு. பம் எண்டா உன்ட கை இருக்கும் வரைக்கும் இருக்கும்" எண்டு வயர் மாதிரிக் குழாய் வச்ச சின்னக் கைப்பம் ஒண்டை எடுத்துத் தந்தாரு. எனக்கு ரெண்டும் வேணும் எண்டதால ரெண்டையும் சீட்டுக்குக் கீழ உள்ள பையில போட்டுக்கிட்டன். பையை மூடக்குள்ள ஒரு துண்டு பஞ்சையும் உள்ளுக்குத் தள்ளினாரு, ஏனெண்டு அப்ப விளங்கல்ல.

ரேஸ் பாசிக்குடாப் பக்கம், ஸ்பிரின்ட் ட்ரையத்லன், அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். பாசிக்குடாக் கடல் தெரியும்தானே, கன தூரத்துக்கு இடுப்பளவுதான், பாதி நீச்சல் பாதி ஓட்டம், எனக்கு அது வாசி, நல்ல இடத்திலதான் வெளிய வந்தன். சைக்கிள்ல கல்குடா ரோட்டைப் பிடிச்சுக் கொஞ்சம் போகக்குள்ள பின் சில்லு கடகடவெண்டு ரிம்மோட ஓடுது, பார்த்தா காத்து சுத்தமாப் போச்சு.

ஓரமா நிப்பாட்டி, செயினைச் சின்னப் பல்லுக்குப் போட்டு சில்லைக் கழட்டி, டயர் லீவர் ரெண்டையும் குத்தி டியூபை இழுத்தெடுத்தன். டயருக்குள்ள விரலால தடவினா ஒண்டும் மாட்டல்ல. அப்பதான் பஞ்சு ஞாபகம் வந்திச்சு, அதை வச்சு உள் பக்கம் சுத்தித் தடவிக் கொண்டு வர ஒரு இடத்தில பஞ்சு கொழுவி நிண்டிச்சு. நெருஞ்சி முள்ளு, நுனி மட்டும் உள்ளுக்கு. அதை எடுக்காம புது டியூபைப் போட்டிருந்தா அடுத்த சந்தியில திரும்பவும் இதே கதைதான்.

மறுகா முள்ளைப் புடுங்கிப் புது டியூபைப் போட்டு கேஸைத் திருகினன், உஸ்ஸ் எண்டு முழுக்க வெளியில போச்சு, டயருக்குள்ள ஒண்டுமில்ல. சிலிண்டரை வால்வில மாட்டுற தலை ஓன்லைன்ல எடுத்தது, கம்பனி பேர் வேணாம். கடல்ல நான் முந்தின ஆக்கள் ஒவ்வொருத்தராப் போறாங்க, ஒருத்தர் "ஓகேயா ப்ரோ" எண்டு கேட்டுக்கிட்டே போறாரு. இதுக்க பக்கத்து வீட்டு அம்மா கேட்டடியில நிண்டு பார்த்துட்டு "மனே, எங்கட பொடியன்ட பம் இருக்கு, கொண்டு வரட்டா" எண்டு கேக்கிறா. வெளியாக்கள்ட உதவி எடுத்தா டிஸ்குவாலிஃபை பண்ணிப் போடலாம். அதைச் சொன்னா அவக்கு விளங்கல்ல, "அப்ப தண்ணியாவது குடிச்சிட்டுப் போ மனே" எண்டு செம்போட வந்துட்டா, அதுவும் ஏலா எண்டு கும்பிட்டதுதான் அண்டைக்கு எனக்குப் பெரிய கஷ்டம்.

எத்தனையாவதா வாறம் எண்ட நினைப்பை அந்த இடத்திலயே விட்டுட்டன், முடிக்கிறது மட்டும்தான் வேலை எண்டு வச்சுக்கிட்டு நானாட பம்மை எடுத்து அடி அடி எண்டு அடிச்சன். குழாய் இருக்கிறதால வால்வை ஆட்டி முறிக்காம அடிக்கலாம், இதுதான் இந்தப் பம்மில எனக்குப் பிடிச்ச விஷயம். கை கழண்டு போச்சு, ஃபுல் பிரஷர் வரவும் இல்ல, பெருவிரலால அமத்தினா கொஞ்சம் உள்ளுக்குப் போற அளவுதான், ஆனா ஓடலாம். பழைய டியூபையும் வெறும் சிலிண்டரையும் ஜெர்சிக்குள்ள போட்டுக்கிட்டன், ரோட்டில எறிஞ்சா அதுக்கு வேற பெனால்டி. கிடங்கு வாற இடமெல்லாம் எழும்பி நிண்டு ஓட்டினன். ஓட்டம் சூடான கச்சான் காத்தில, அதைப் பத்திக் கதைக்க ஒண்டுமில்ல, முடிச்சன்.

அடுத்த கிழமை கேஸ் தலையைக் கொண்டு போய்க் காட்டினா நானா கழட்டிப் பார்த்துட்டு "வாசர் வெடிச்சிரிக்கி, வெயிலுக்கு ரப்பர் காஞ்சு போச்சு" எண்டு வேற வாசர் ஒண்டு போட்டுத் தந்தாரு, சல்லி எடுக்கல்ல. பம் எப்பிடி எண்டு கேக்கவும் இல்ல, சிரிச்சாரு.

குறையும் இருக்கு. சொன்ன நாளைக்கு வேலை முடியாது, கியர் கேபிள் மாத்தக் குடுத்தா ஸ்கூல் புள்ளைகள்ட சைக்கிள் எல்லாம் முடிஞ்ச புறகுதான் நம்மட. டியூப் விலை கொழும்பை விடக் கொஞ்சம் கூட, கார்ட் எடுக்க மாட்டாரு, ஹைட்ரோலிக் பிரேக் வேலையும் செய்யிறல்ல. ரேஸுக்கு முந்தின கிழமை சாமானைக் குடுத்துட்டு நெஞ்சிடிச்சுக்கிட்டு இருக்க வேணாம், முன்கூட்டியே குடுங்க. டியூப் எடுக்கிறதெண்டா சில்லையும் கழட்டிக் கொண்டு போங்க, வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க, கடை பூட்டு.