பிட்வார்டனா, கீபாஸா: டவர் இல்லாத இடத்தில் எது கைகொடுக்கும்?

பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் பாஸ்வேர்டு மேனேஜரைத் (பிட்வார்டன், கீபாஸ் போல, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஆப்) தேர்ந்தெடுக்கும்போது இரண்டைத்தான் பார்க்க வேண்டும். கரையை விட்டு விலகி டவர் போனபின் திறக்குமா? போன் கடலில் விழுந்தால் புதுப் போனில் நுழைய முடியுமா? மற்ற வசதிகள் எதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிட்வார்டன் இலவசக் கணக்கில் எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம், எத்தனை கருவியிலும் திறக்கலாம். பூட்டிய நகல் போனிலேயே இருப்பதால் டவர் இல்லாவிட்டாலும் பார்க்க முடியும். சேர்க்கவோ திருத்தவோ முடியாது. ஆனால் ‘அக்கவுண்ட் செக்யூரிட்டி’ செட்டிங்கில், நேரம் முடிந்ததும் ‘லாக்’ ஆகும்படி இருக்க வேண்டும். ‘லாக் அவுட்’ என்று மாற்றினால் நகல் போனிலிருந்து போய்விடும். சிக்னல் வரும்வரை கையைப் பிசைய வேண்டியதுதான்.

பெரிய வில்லங்கம் புதுப் போனில். இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடாத கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால், 2025 முதல் பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறது. அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு பிட்வார்டனுக்குள் மட்டும் இருந்தால், சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிய மாதிரிதான். இரண்டடுக்கு போட்டிருந்தாலும், குறியீடு காட்டும் ஆப் அதே போனில் இருந்தால் அதுவும் கடலுக்குள் போயிருக்கும். அதற்குத்தான் பிட்வார்டன் தரும் ரெக்கவரி கோடு. பலர் நினைப்பதுபோல் அது மாஸ்டர் பாஸ்வேர்டை (பெட்டகத்தையே திறக்கும் பாஸ்வேர்டு) மீட்டுத் தராது; இரண்டடுக்கை நீக்க மட்டுமே உதவும். ஒருமுறைதான் செல்லும், பிறகு புதியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் இந்தக் கோடையும் பால்பாயிண்ட் பேனாவால் தாளில் எழுதி, ஜிப் கவரில் போட்டுப் பட்டா, ரேஷன் கார்டோடு வையுங்கள். லேமினேஷன் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே ஆளுக்கு ஆள் படிப்பார்கள்!

கீபாஸுக்குக் கணக்கே கிடையாது, ஒரே ஒரு கோப்புதான். ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், கணினியில் கீபாஸ்எக்ஸ்சி. நடுக்கடலிலும் சேர்க்கலாம், திருத்தலாம். ஆனால் நகல் எடுப்பது உங்கள் பொறுப்பு. போனிலும் கணினியிலும் தனித்தனியே திருத்திவிட்டு ஒன்றின் மேல் மற்றொன்றைப் போட்டால் ஒரு பக்கத் திருத்தம் போச்சு; கீபாஸ்எக்ஸ்சி மெனுவில் ‘மெர்ஜ்’ கொடுத்து இணைக்க வேண்டும். பென்டிரைவ் முனை உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. இந்த ஒழுங்கு இல்லாதவர்களுக்குப் பிட்வார்டனே மேல்.

2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து பூட்டிய பெட்டக நகல்கள் திருடுபோயின. நகல் கையில் இருப்பவன் எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். அதனால் சாளை, நெத்திலி, சீலா என்று மீன் பெயர்களைக் கோத்து மாஸ்டர் பாஸ்வேர்டு வைப்பது ஆபத்து: 50 பெயர்களில் ஐந்தைக் கோத்தால் 31.25 கோடி வரிசைதான், கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. செயலியே 7,776 சொற்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கித் தந்தால் 2.8 லட்சம் கோடி கோடி.

மாஸ்டர் பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்தில் வைக்காமலிருப்பது நல்லது. ‘கொடுவா’வில் உள்ள ‘ொ’ யூனிகோடில் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறை) ஒரே குறியாகவும் வரலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. புதுப் போனின் கீபோர்டு வேறு விதமாக அனுப்பினால், சரியாக அடித்தும் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று வரும்.